இரண்டு பிரிண்டர்கள், ஒரு லேப்டாப்: டிரைவர் நிறுவும் வழிகளில் எது எதற்குப் பொருந்தும்?

எங்கள் வீட்டு மேசையில் இரண்டு பிரிண்டர்கள் இருக்கின்றன. ஒன்று பதினைந்து வயதைத் தாண்டிய கறுப்பு வெள்ளை லேசர். யுஎஸ்பி கேபிளைத் தவிர வேறு இணைப்பு எதுவும் அதற்கு இல்லை. மற்றொன்று மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, வைஃபை வசதியுள்ள இங்க் டேங்க். புதிதாக வந்த விண்டோஸ் 11 லேப்டாப்பை ஒரே மாலையில் இரண்டோடும் இணைத்தபோது, இங்க் டேங்க் யாரும் எதுவும் செய்யாமலேயே பட்டியலில் வந்து உட்கார்ந்துகொண்டது. லேசரோ ‘டிரைவர் இஸ் அன்அவைலபிள்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எது என்று புரிந்துகொண்டால், டிரைவர் (கணினியையும் பிரிண்டரையும் பேசவைக்கும் மென்பொருள்) நிறுவுவதற்கு உள்ள வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அச்சிட வேண்டிய பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைச் செய்வது யார் என்பதில்தான் காரணம் இருக்கிறது. புதிய பிரிண்டர்களில் பெரும்பாலானவை, எந்தக் கணினியிலிருந்து வந்தாலும் புரிந்துகொள்ளக்கூடிய சில பொதுவான வடிவங்களில் பக்கத்தைப் பெற்று, மீதி வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. பழைய மலிவு விலை லேசர்கள் அப்படியல்ல. எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி2900 போன்றவற்றில் இருக்கும் நினைவகம் 2 எம்பி மட்டுமே. பக்கம் முழுவதையும் கணினியே வரைந்து, அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் அனுப்பினால்தான் அவை அச்சிடும். அந்த வரையும் வேலையைச் செய்வது டிரைவர். அது இல்லாவிட்டால் அந்தப் பிரிண்டர் வெறும் டப்பா. 1020 இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் தன் ஃபர்ம்வேரையே (பிரிண்டருக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளையே) கணினியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். இத்தனைக்கும் 1020-க்கு உரிய 12ஏ கார்ட்ரிட்ஜை இன்றும் தெருமுனைக் கடையில் ரீஃபில் செய்து தருகிறார்கள். இயந்திரம் தேய்வதற்கு முன்பே டிரைவருக்கு வயதாகிவிடுகிறது.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, தனி டிரைவரே இல்லாமல் அச்சிடுவது. 2010-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் வழியாகவும், கேனன், எச்பி, சாம்சங், செராக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து 2013-இல் தொடங்கிய மோப்ரியா கூட்டமைப்பின் தரநிலை வழியாகவும் வளர்ந்தது இந்த முறை. விண்டோஸ் 10-இன் 21எச்2 பதிப்பிலிருந்து, மோப்ரியா சான்று பெற்ற பிரிண்டர் வைஃபையில் இருந்தாலும் யுஎஸ்பியில் இருந்தாலும், விண்டோஸில் ஏற்கெனவே உள்ள ‘ஐபிபி கிளாஸ் டிரைவர்’ என்ற பொது டிரைவரைக் கொண்டே அச்சிட முடியும். என் இங்க் டேங்க் தானாக வந்து உட்கார்ந்ததன் ரகசியம் இதுதான். நிறுவல் என்ற படியே இங்கு இல்லை என்பதால், நிறுவலில் பிழை வருவதற்கும் வழியில்லை. கணினியும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்பதை மட்டும் பார்த்தால் போதும். வீட்டு பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை என்பதால், ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பவர்கள் பிரிண்டரை இணைக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் இழப்பதும் உண்டு. மை அளவைக் காட்டுவது, ஹெட் கிளீனிங், ஓரம் விடாமல் புகைப்படம் அச்சிடுவது ஆகியவை பெரும்பாலும் நிறுவனத்தின் மென்பொருளோடுதான் வரும். தாளைக் கையால் திருப்பிப் போட்டு இருபுறமும் அச்சிடுகிறவர்களுக்கு, ‘இப்போது தாள்களை எடுத்துத் திருப்பி வையுங்கள்’ என்று நிறுத்திச் சொல்லும் டிரைவர் எவ்வளவு பெரிய உதவி என்பது அது இல்லாதபோதுதான் தெரியும். யுஎஸ்பி வழியாக இம்முறையைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு சோதனையும் வந்தது: 2025 ஜனவரி இறுதியில் வெளியான ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, சில யுஎஸ்பி பிரிண்டர்கள் கேட்காமலேயே தாளை இழுத்து, ‘போஸ்ட்’ என்று தொடங்கும் ஆங்கில வரிகளையும் பொருளற்ற எழுத்துகளையும் அச்சிட்டுத் தள்ளின. கணினிக்கும் பிரிண்டருக்கும் இடையிலான உள் உரையாடல்தான் அப்படித் தாளில் இறங்கியது. டிரைவர் கெட்டுவிட்டதென்று அழித்து அழித்து நிறுவியவர்கள் வீணாக உழைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் மார்ச்சில் வெளியிட்ட அப்டேட்டே அதைச் சரிசெய்தது.

இரண்டாவது வழி, விண்டோஸ் அப்டேட் தானாகத் தேடித் தரும் டிரைவர். யுஎஸ்பியைச் செருகியதும் ‘செட்டிங் அப் எ டிவைஸ்’ என்று வருவது இதுவே. சுத்தமானது, கூடுதல் மென்பொருள்களைத் திணிக்காதது. ஆனால் இதை நம்பியிருக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. வெளி நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன்படி 2026 ஜனவரி 15 முதல் விண்டோஸ் 11-க்கான புதிய பிரிண்டர் டிரைவர்கள் பொதுவாக விண்டோஸ் அப்டேட்டில் ஏற்றப்பட மாட்டா. 2026 ஜூலை 1 முதல் ஐபிபி கிளாஸ் டிரைவருக்கே விண்டோஸ் முன்னுரிமை தரும். 2027 ஜூலை 1-க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர வேறு மாற்றங்களுக்கு இடமில்லை. ஏற்கெனவே நிறுவிய டிரைவர் வேலை செய்யாமல் போய்விடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நிறுவனத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கி நிறுவுவதற்கும் தடையில்லை.

இந்த வழியில் பலரும் கவனிக்காத ஒரு தடை உண்டு. இணைய இணைப்பு ‘மீட்டர்டு’, அதாவது டேட்டா அளவு கட்டுப்படுத்தப்பட்டது, என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் டிரைவரைப் பதிவிறக்காது. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறவர்கள் இதில்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். செட்டிங்ஸில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பக்கத்தின் அடியில் மீட்டர்டு இணைப்பிலும் டிரைவரைப் பதிவிறக்க அனுமதிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு கேபிளை ஒருமுறை எடுத்துச் செருகிப் பார்க்கலாம்.

மூன்றாவது, நிறுவனத்தின் தளத்திலிருந்து நாமே இறக்கும் மென்பொருள். இங்கு ‘முழுத் தொகுப்பு’, ‘டிரைவர் மட்டும்’ என்று இரண்டு கோப்புகள் பெரும்பாலும் அருகருகே இருக்கும். முழுத் தொகுப்பில் ஸ்கேன் மென்பொருள், மை அளவு காட்டும் சிறுநிரல், விளம்பர அறிவிப்புகள், கணக்குத் தொடங்கச் சொல்லும் திரை என்று ஒரு கூட்டமே வரும். ஆல் இன் ஒன் இயந்திரம் வைத்திருந்து, கண்ணாடிமேல் ஆதார் அட்டையை வைத்து வாரம் நான்கு முறை ஸ்கேன் செய்கிற வீட்டுக்கு முழுத் தொகுப்பு தகும். அச்சிடுவது மட்டுமே வேலை என்றால் சிறிய கோப்பே என் தேர்வு. தொகுப்பு பெரிதாகப் பெரிதாக, அது பாதியில் நின்றுபோவதற்கான காரணங்களும் பெருகுகின்றன.

பாதியில் நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், கேபிளை முன்கூட்டியே செருகிவிடுவது. பழைய பிரிண்டர்களின் நிறுவி, ‘இப்போது கேபிளை இணைக்கவும்’ என்று சொன்ன பிறகுதான் இணைக்க வேண்டும். முன்பே இணைத்திருந்தால், விண்டோஸ் அதற்குள் அதை அடையாளம் தெரியாத சாதனம் என்று பதிந்துவைத்திருக்கும். நிறுவியோ புதிய சாதனம் வருமென்று காத்துக்கொண்டே இருக்கும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும், உள்ளே ‘கோட் 28’ என்ற எண்ணும் தெரிந்தால், அந்தச் சாதனத்துக்கு டிரைவர் நிறுவப்படவே இல்லை என்று பொருள். அந்தப் பதிவை அன்இன்ஸ்டால் செய்து, கேபிளை உருவி, கணினியை மறுபடி தொடங்கி, நிறுவி சொல்லும்போது செருகினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நிறுவியே திறக்காத இடங்களும் உள்ளன. ‘எஸ் மோட்’ என்ற கட்டுப்படுத்தப்பட்ட விண்டோஸோடு வரும் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் நிறுவிகள் ஓடா. ஸ்னாப்டிராகன் போன்ற ஏஆர்எம் சிப் உள்ள லேப்டாப்களில், இன்டெல் கணினிக்காக எழுதிய பிரிண்டர் டிரைவர் நிறுவப்படாது. மற்ற மென்பொருள்களை அப்படியே ஓட்டுகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. இந்த இரண்டிலும் பெரும்பாலும் முதல் வழி கைகொடுக்கும் பிரிண்டர்தான் பிழைக்கும்.

நான்காவது வழி, கையால் நிறுவுவது. என் லேசருக்கு இறுதியில் பயன்பட்டது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் ‘டிரைவர் மட்டும்’ கோப்பை ஒரு ஃபோல்டரில் விரித்துக்கொண்டு, ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பக்கத்தில் புதிய பிரிண்டரைச் சேர்க்கும்போது வரும் ‘தி பிரிண்டர் தட் ஐ வான்ட் இஸன்ட் லிஸ்டட்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, ‘மேனுவல் செட்டிங்ஸ்’ வழியாக உள்ளே போனால், முதலில் போர்ட்டை (பிரிண்டர் எந்த இணைப்பில் இருக்கிறது என்பதை) கேட்கும், அதன் பிறகு ‘ஹேவ் டிஸ்க்’ பொத்தானைக் காட்டும். அதில் விரித்த ஃபோல்டருக்குள் இருக்கும், டிரைவரின் விவரங்களைக் கொண்ட ஐஎன்எஃப் கோப்பைக் காட்டினால் மாடல் பெயர் பட்டியலில் வரும். அங்கே என் மாடல் பெயர் வந்தது, நிறுவலும் முடிந்தது, ‘டெஸ்ட் பேஜ்’ கொடுத்தேன். பிரிண்டர் ஒரு பச்சை விளக்கைக்கூட அசைக்கவில்லை. வரிசையில் மட்டும் ‘எரர்’ என்று நின்றது.

டிரைவரில் பிழை இல்லை; போர்ட்டைத் தேர்ந்தெடுத்த என்னிடம்தான் பிழை. அன்று மாலை முழுவதும் கேபிளை லேப்டாப்பின் இடப்பக்கத் துளையிலும் வலப்பக்கத் துளையிலும் மாற்றி மாற்றிச் செருகியிருந்தேன். விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் யுஎஸ்பி001, யுஎஸ்பி002, யுஎஸ்பி003 என்று தனித்தனிப் போர்ட்டுகளை உருவாக்கி வைத்திருந்தது. நான் தேர்ந்தெடுத்தது 001. கேபிள் இருந்ததோ 003-இல். பிரிண்டர் பிராபர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’ தாவலுக்குப் போய் 003-க்கு எதிரே டிக் செய்த மறுகணமே, அதுவரை வரிசையில் நின்ற நான்கு சோதனைப் பக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பிரிண்டரின் பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று ஓர் இரட்டைப்பிள்ளை திடீரென முளைப்பதற்கும் பெரும்பாலும் இந்தத் துளை மாற்றமே காரணம்.

ஆக, நான்கு வழிகளில் எது என்பதைவிட, ஒன்றின் எச்சத்தின் மேல் இன்னொன்றை ஏற்றாமல் இருப்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ஒரு வழி தோற்றதும் அடுத்ததற்குத் தாவுகிறோம். பட்டியலிலிருந்து பிரிண்டரை நீக்கிவிட்டால் டிரைவரும் போய்விட்டதென்று நினைக்கிறோம். உண்மையில் கோப்புகள் விண்டோஸின் கிடங்கில் அப்படியே இருக்கும், அடுத்த முறை கேபிளைச் செருகியதும் அதே கெட்டுப்போன பிரதியே திரும்ப வரும். ‘பிரிண்ட் சர்வர் பிராபர்ட்டீஸ்’ திரையில் ‘டிரைவர்ஸ்’ தாவலைத் திறந்து, ‘ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் முழுமையாக நீங்கும். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால், சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சுப்பணிகளை வரிசையில் வைத்து அனுப்பும் நிரலை) ரீஸ்டார்ட் செய்த கையோடு உடனே நீக்க வேண்டும். சிக்கிய அச்சுப்பணி ஒன்று ஸ்பூலரைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஸ்பூலரை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் அங்குள்ள கோப்புகளை அழித்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும்.

ஒரு கணினியில் உள்ள பிரிண்டரை வீட்டின் இன்னொரு கணினிக்குப் பகிர்கிறவர்களின் பாடு வேறு. 2021-இல் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்ற ஸ்பூலர் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு, பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமாயிற்று. பிள்ளைகளின் சாதாரணக் கணக்கிலிருந்து முயன்றால் மறுப்புதான் வரும். அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு 11பி என்று முடியும் பிழை எண் பல வீடுகளில் தலைகாட்டியது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி அதைத் தாண்டலாம் என்று சொல்வார்கள். அது பாதுகாப்பைத் தளர்த்தும் வேலை என்பதால் நான் செய்வதில்லை; இரு கணினிகளையும் முழுமையாக அப்டேட் செய்து, டிரைவரை இரண்டிலும் தனித்தனியே நிறுவிக்கொள்கிறேன்.

‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விற்கப்படும் மென்பொருள்களை ஐந்தாவது வழியாகக் கணக்கில் எடுக்கவே எனக்கு மனமில்லை. நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதைத்தான் அவை காசுக்குத் தருகின்றன. அவற்றைவிட மோசமானவை, தேடலில் விளம்பரமாக மேலே வரும் போலித் தளங்கள்: மாடல் எண்ணைக் கேட்கும், பச்சைப் பட்டை ஒன்று ஓடும், யார் போட்டாலும் கடைசியில் பிழை என்றே காட்டும், உடனே ஒரு தொலைபேசி எண்ணை நீட்டும். பிரிண்டர் நிறுவனத்தின் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து போவதே நல்லது.

புதிய கணினிக்கு டிரைவரே கிடைக்காத பழைய பிரிண்டருக்கு ஒரு சுற்றுவழி உண்டு. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தையும் அதன் கப்ஸ் அச்சு அமைப்பையும் நிறுவி, பிரிண்டரை அதில் செருகி, வீட்டு வைஃபையில் ஏர்பிரிண்ட் பிரிண்டராகவே காட்டிவிடலாம். 1020-க்குத் தன்னார்வலர்கள் எழுதிய திறந்தநிலை டிரைவர் லினக்ஸில் இருக்கிறது. பொறுமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

என் லேசருக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. லேப்டாப்பின் வலப்பக்கம், பின்னால் இருக்கும் துளைக்கு மேலே ‘003, பிரிண்டர் மட்டும்’ என்று பேனாவால் எழுதிய ஒரு செலோ டேப் துண்டை ஒட்டியிருக்கிறேன். இங்க் டேங்குக்கு இதுவரை நான் எதுவும் நிறுவவில்லை.