திருச்சியில் சைனஸ் ஆபரேஷன்: டிக்கெட் போடுவதற்கு முன்

சைனஸ் ஆபரேஷனை ஊரில் போய்ச் செய்துகொள்ளலாமா என்று லண்டனில் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஆபரேஷன் தேதியை மட்டும் பார்த்துத் திரும்பும் டிக்கெட்டைப் போடாதீர்கள். மூக்கைச் சுத்தம் செய்ய எத்தனை வாரம் வரச் சொல்வார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எனக்கு மூக்கின் இரண்டு பக்கமும் பாலிப், அதாவது உள்ளே வளரும் சதை. சாம்பார் கொதித்தால்கூட வாசனை தெரியாது. தில்லை நகரில் சித்தி மகன் விசாரித்து வைத்திருந்த ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மயக்க டாக்டர் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அந்த வேகத்துக்கு முழு மதிப்பெண்.

டாக்டர் முதலில் கேட்டது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுதான். இபுபுரூஃபன், மீன் எண்ணெய் காப்ஸ்யூல், வைட்டமின் ஈ எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ரத்தக் கசிவைக் கூட்டுமாம். “ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் போடுறவங்க மட்டும் தானா நிறுத்திடக் கூடாது, அந்த டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும்” என்றும் சொன்னார். பாலிப் வீக்கம் குறைய ஆபரேஷனுக்கு முன்பே சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை. மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா குழாயான எண்டோஸ்கோப்பின் முனையில் ரத்தம் பட்டால் டாக்டருக்கு வழி தெரியாது. கண்ணும் மூளையும் மெல்லிய எலும்புக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அதனால்தான் படுக்கையின் தலைமாட்டை உயர்த்துவதும், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தில் நனைத்த பஞ்சை வைப்பதும்.

பஞ்சு என்றதும் ஒரு விஷயம். முடிந்ததும் மூக்கில் வைத்து அடைக்கும் ஸ்பாஞ்சை ஓரிரு நாளில் உருவி எடுப்பார்கள். அந்த வலியைப் பற்றி ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். தானே கரைந்துபோகும் வகையும் இருக்கிறது. ஆனால் அது பேக்கேஜில் சேராது என்பதை ஆபரேஷன் அன்று காலையில்தான் பில்லிங் கவுண்டரில் சொன்னார்கள். முதல் நாளே சொன்னால் என்ன? வெறும் வயிற்றோடு நிற்கிறவனிடமா கணக்குப் பேசுவது?

‘சைனஸ் ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப வந்துடும்’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அதற்கு ஒரு காரணம் உள்ளே விழும் தழும்பு. மூக்கின் பக்கச் சுவரும் அதற்கு எதிரே உள்ள சதை மடிப்பும் புண்ணாக இருக்கும்போது, இடையில் ரத்தக்கட்டியும் பொருக்கும் தங்கினால் இரண்டும் ஒட்டி ஆறிவிடும். திறந்துவிட்ட வழி மறுபடி அடைபடும். அதனால் ஒரு வாரம் கழித்து எண்டோஸ்கோப் வைத்து, உறிஞ்சு குழாயால் பொருக்கை எடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்புறமும் இடைவெளி விட்டு வரச் சொன்னார்கள். லீவு முடிகிறது என்று இதைத் தவிர்த்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. ஆபரேஷனுக்குக் கொடுத்த காசில் பாதியை வீணாக்குகிறார்கள் என்பேன்.

வீட்டில்தான் பெரிய போராட்டம். சித்தி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கத் தயாராக நின்றார். சூடு பட்டால் ரத்தக்குழாய் விரிந்து மறுபடி கசியலாம் என்று புரியவைக்க டாக்டரிடமே போனில் பேசவைத்தேன். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பெட்டி தூக்கக் கூடாது, தலையணை இரண்டு. ரசம்கூட ஆறித்தான் வந்தது. உப்புக் கரைசலால் மூக்கு கழுவக் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான். தண்ணீரோடு மூக்கில் ஏறி மூளையைத் தாக்கும் கேரளத்து அமீபா பற்றிய செய்தியைக் காட்டியதும் அதில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ரத்தம் வந்தால் முன்னால் சாய்ந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்தணும், நிற்காவிட்டால் உடனே வரணும் என்று நர்ஸ் செய்தே காட்டினார்.

திருச்சியிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் கிடையாது. இரண்டு முறை ஏறி இறங்கினால் காற்றழுத்தமும் இரண்டு முறை மாறும். எப்போது பறக்கலாம் என்பதை டாக்டர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய வரும் ஒவ்வொரு முறைக்கும் தனி பில், அதையும் முன்பே பேசிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்டையும் எண்டோஸ்கோபி வீடியோவையும் கேளுங்கள். அடுத்து மூக்கைப் பார்க்கப்போவது லண்டன் டாக்டர். எனக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. கேட்டதால் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.