ஸ்கானுக்கு முன் ஒரு மைலோ பக்கற்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

"பிள்ளை திரும்புதில்லை. வெளியில போய் இனிப்பா ஏதும் குடிச்சிட்டு வாங்கோ." 18 முதல் 22 கிழமைக்குள் செய்யும் 5ஆம் மாத ஸ்கானில் டொக்டர் தாய்மார் பலருக்குச் சொல்வது இது. கிளிநொச்சியோ வவுனியாவோ, உடனே கடையில் வாங்குவது 180 மில்லிலீற்றர் மைலோ பக்கற்தான்.

பசிக்கு அது நல்ல பொருள். மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ விடியவே வெளிக்கிட்டு, பஸ்ஸில் குலுங்கி வந்து, வெறும் வயிற்றோடு வாங்கில் காத்திருக்கும் தாய்க்குத் தெம்பு தரும்.

பிள்ளையை எழுப்புமா என்றால், நம்பி வாங்க முடியாது. பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்வதற்கு முன் தாய்க்குக் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் நிரூபணமாகவில்லை. கடைசி மாதங்களில் சாப்பாட்டுக்குப் பின் கூடுவது பிள்ளையின் மூச்சசைவு. உடம்பு புரள்வது வேறு. குடித்தபின் பிள்ளை அசைந்தால், அது பெரும்பாலும் நேரம் செய்த வேலை. வயிற்றுப் பிள்ளையின் நித்திரை பொதுவாக 20 முதல் 40 நிமிடம். கடைக்குப் போய், குழாயைக் குத்தி உறிஞ்சி, திரும்பி வருவதற்குள் அது கலைந்துவிடும்.

உண்மையில் வேண்டியது பிள்ளை படுத்திருக்கும் விதம் மாறுவது. முதுகை மேலே காட்டிக் கிடந்தால் முள்ளந்தண்டின் நிழல் இதயத்தில் விழும், முகமும் தெரியாது. முதலில் சலம் கழித்துவிட்டு வாருங்கள். நிரம்பிய சலப்பை காலியானாலே சில வேளை பிள்ளை இடம் மாறும். பிறகு 10, 15 நிமிடம் நடந்து, கட்டிலில் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் சரிந்து படுங்கள். டொக்டர் சொன்னால் இருமுங்கள். வயிற்றை நீங்களே அமுக்கிக் குலுக்க வேண்டாம். மல்லாந்து கிடக்கும்போது தலை சுற்றினால் உடனே சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்புங்கள். கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்துவதால் வருவது அது. இவ்வளவுக்கும் பிள்ளை திரும்பாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். பிள்ளைக்குக் குறை என்று அதற்கு அர்த்தமில்லை, கலங்காதீர்கள்.

கர்ப்ப காலச் சீனி வருத்தம் உள்ளவர்கள் இந்தப் பக்கற்றைத் தொட வேண்டாம், தண்ணீர் போதும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சீனிப் பரிசோதனையும் அன்றைக்கே என்றால், அது முடியும்வரை மைலோ ஒரு மிடறும் கூடாது, முடிவு பிழைத்துவிடும். கோலாவும் கடும் கோப்பியும் மைலோவுக்கு மாற்று அல்ல. கபேன் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

வழக்கமாகத் துள்ளும் பிள்ளையின் அசைவு குறைந்தால் கதையே வேறு. நச்சுக்கொடி முன்பக்கம் என்று ஸ்கானில் சொன்னார்களே, அதனால்தான் அசைவு தெரியவில்லை என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். இனிப்புக் குடித்துவிட்டுப் பார்த்திருக்கவும், அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்கவும் வேண்டாம். இரவானாலும் அந்த நேரமே முல்லைத்தீவு மாஞ்சோலையிலோ கிளிநொச்சியிலோ உள்ள மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.