ராம் ஏர் குழாய் மாட்டினால் பிக்கப் கூடுமா? ஒரு சுவிஃப்ட், மூன்று வருட அனுபவம்

என் அக்கா மகன் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். பைக்கில் மாட்டுவதற்கு ஒரு ராம் ஏர் கிட் பார்த்து வைத்திருக்கிறான், அதாவது ஓடும்போது எதிரே வரும் காற்றை என்ஜினுக்குள் அமுக்கி அனுப்புவதாகச் சொல்லி விற்கும் குழாய் செட். "மாமா, நீங்கதான் கார்ல மாட்டி ஓட்டுனீங்களே, வாங்கலாமா வேணாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் செலவழித்த பணம், அளந்து பார்த்த நாட்கள், என்ஜினுக்கு வரவிருந்த கேடு எல்லாம் அவனைப் போல யோசிக்கும் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் முழுதாக எழுதுகிறேன்.

வண்டி 2018 மாடல் சுவிஃப்ட் பெட்ரோல். 1.2 லிட்டர் என்ஜின், கம்பெனி கணக்கில் 83 பிஎஸ் (குதிரைத்திறன்). எனக்கு போர்வெல் மோட்டார், பம்ப் வியாபாரம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது மதுரையிலிருந்து திருமங்கலம், விருதுநகர், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டி போய் வருவேன். நான்கு வழிச்சாலையிலேயே பாதி வாழ்க்கை போகிறது. லாரியை முந்தும்போது இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் ரொம்ப நாளாக இருந்தது. 2022 மார்ச்சில், 41,000 கிமீ ஓடியிருந்தபோது கிட் மாட்டினேன்.

மதுரையில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் 8,500 ரூபாய். ஒரு அலுமினியக் குழாய், எண்ணெய் தடவிய பருத்தி வலையில் செய்த கூம்பு ஃபில்டர், அப்புறம் இடப்பக்க ஃபாக் லேம்ப் ஓட்டையிலிருந்து ஃபில்டர் வரை வரும் மூன்று அங்குல மடிப்பு ஹோஸ். கம்பெனியின் கறுப்பு ஃபில்டர் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். கூம்பு என்ஜின் அறைக்குள் திறந்தபடி இருக்கும், ஹோஸ் அதன் மேல் காற்றை ஊதும். "ஸ்பீடு ஏற ஏறக் காத்து தானா உள்ள அமுங்கும் சார், டர்போ மாதிரி" என்றார்கள்.

முதல் மூன்று மாதம் எனக்கு சந்தேகமே வரவில்லை. 3,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) தாண்டி மிதித்தால் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வரும். அந்தச் சத்தத்தோடு வண்டி பாய்வது போலவே இருக்கும். காற்று இழுக்கும் சத்தத்தை அடக்குவதற்குக் கம்பெனி பெட்டியோடு ஒரு வெற்று அறை வைத்திருப்பார்கள். அதைக் கழற்றியதால்தான் சத்தம் வெளியே கேட்டது. காதில் விழுவதைக் கால் நம்பிவிடுகிறது. வாட்ச் வைத்துப் பார்க்கும் வரை நானும் நம்பினேன்.

வாட்ச் சொன்ன கதை வேறு. திருமங்கலம் தாண்டி நேராக இருக்கும் ஒரு பகுதியில், அதிகாலை ஐந்தரை மணிக்கு, நான்காவது கியரில் 60லிருந்து 100 வரை. போக மூன்று தடவை, வர மூன்று தடவை. போன் ஜிபிஎஸ்ஸில் நேரம் எடுத்தேன். கிட்டோடு சராசரி 12.7 விநாடி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பெட்டியைத் திரும்ப மாட்டி அதே இடத்தில் எடுத்தால் 12.6. ஒரே வண்டியில் அடுத்தடுத்து ஓட்டும்போதே 0.3 விநாடி முன்பின் ஆகிறது, ஆகவே இரண்டும் ஒன்றுதான். மைலேஜிலும் மாற்றம் எதுவும் இல்லை.

ஏன் கூடவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் விட எனக்கு மனமில்லை. என்ஜினும் ஒரு பம்ப்தானே. எங்கள் தொழிலில், கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் பாசி அடைத்திருந்தால் எத்தனை பெரிய மோட்டார் போட்டாலும் தண்ணீர் ஏறாது. அதே கண்ணோட்டத்தில் கணக்குப் போட்டேன். இந்த 1.2 லிட்டர் என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 60 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காற்று குடிக்கும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் மூன்றை ஒரே விநாடியில் காலி செய்வது மாதிரி. அந்தக் காற்றை எதிர்க்காற்றின் வேகம் எவ்வளவு அமுக்கித் தரும்? காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவதுதான் அதிகபட்ச அழுத்தம். மதுரை வெயிலில் 100 கிமீ வேகத்துக்கு அது சுமார் 0.44 கிலோபாஸ்கல். நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல். அப்படியென்றால் லாபம் அரை சதவீதம்கூட இல்லை. 83 பிஎஸ்ஸில் அரை பிஎஸ்கூடத் தேறாது. அதுவும் ஒரு சொட்டுக் காற்றுகூட வழியில் கசியாமல் போய்ச் சேர்ந்தால்!

இதை நம்மூர்க்காரர்களுக்கு இப்படிச் சொல்லலாம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம். அதன் உச்சியில் இருக்கும் காற்றுக்கும் தெருவில் இருக்கும் காற்றுக்கும் அழுத்த வித்தியாசம் உண்டு, நமக்குத்தான் தெரிவதில்லை. 100 கிமீ வேகத்தில் ராம் ஏர் தரக்கூடிய அழுத்தம் அந்த வித்தியாசத்தைவிடக் குறைவு. கோபுர உயரத்துக்கு மேடு ஏறினால் எந்த வண்டியாவது காற்றுப் போதாமல் இழுவை குறைந்ததாக உணர்ந்திருக்கிறோமா? கொடைக்கானல் ஏறும்போது உணர்கிறோம், ஏனென்றால் அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

கணக்கை மட்டும் நம்பாமல் அளந்தும் பார்த்தேன். காரின் கம்ப்யூட்டரிலிருந்து எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி இதற்கு உதவாது, அது அழுத்தத்தை ஒரு கிலோபாஸ்கல் படியாகத்தான் காட்டும். அதற்குள் பாதியைத் தேடுகிறோம் நாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் ஒன்றை எடுத்து, பாதிவரை தண்ணீர் விட்டு, இரண்டு துளி சொட்டு நீலம் கலந்து, ஒரு பலகையில் யூ வடிவத்தில் கட்டி, நடுவில் ஸ்கேல் ஒட்டினேன். ஒரு முனை பானெட் வழியாக வெளியே போகும். இன்னொரு முனை காருக்குள் திறந்திருக்கும். தவறிப்போய்த் தண்ணீர் என்ஜினுக்குள் இழுக்கப்படாமல் இருக்க நடுவில் ஒரு காலி பாட்டில். கண்ணாடிகள் முழுதாக மூடியிருக்க வேண்டும், ஒரு விரல் அளவு இறக்கினாலும் நீலத்தண்ணீர் குதிக்கிறது. கடையில் வேலை பார்க்கும் தம்பி பலகையை மடியில் வைத்துக்கொண்டு படித்துச் சொன்னான், நான் ஓட்டினேன்.

100 கிமீ வேகத்தில் குழாய் முனையை முன் கிரில்லில் காற்றுக்கு எதிரே கட்டியபோது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் வித்தியாசம் 4 சென்டிமீட்டரும் கொஞ்சமும். கணக்குப்படி நாலரை வர வேண்டும், சரியாகத்தான் இருக்கிறது. அதே முனையைக் கிட் ஹோஸின் கடைசியில், கூம்புக்குப் பக்கத்தில் வைத்தால் அரை சென்டிமீட்டர்தான். மடிப்புகளில் தேய்ந்து, திறந்த இடத்தில் சிதறிப் போயிருக்கிறது. "அண்ணே, தண்ணி அசையவே மாட்டேங்குது" என்று தம்பி இரண்டு தடவை சொன்னான்.

அடுத்ததுதான் எனக்குக் கண் திறந்த இடம். பழைய சாமான் கடையில் கம்பெனி ஃபில்டர் பெட்டியின் உபரி மூடி ஒன்று வாங்கி, அதில் துளை போட்டு, ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் உறிஞ்சலை அளந்தேன். உறிஞ்சல் கூடினால் ஃபில்டர் காற்றைத் தடுக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது கியரில் முழு மிதி, 5,000 ஆர்பிஎம். 20,000 கிமீ ஓடிய பழைய பேப்பர் ஃபில்டரில் 14 சென்டிமீட்டர். புது ஃபில்டர் போட்டதும் 9. முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் ஃபில்டர் 5 சென்டிமீட்டரை மீட்டுக் கொடுத்தது. ராம் ஏர் எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் இந்த வேகத்தில் தரக்கூடியது நாலரை!

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், மதுரையில் அதுதான் பெரிய விஷயம். மே மாதம் மதியம் கோரிப்பாளையம் நெரிசலில் நிற்கும்போது என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் கம்பெனி பெட்டியில் 52 டிகிரி, கூம்பில் 68. ரேடியேட்டர் சூட்டை எல்லாம் கூம்பு குடிக்கிறது. காற்று சூடானால் விரியும், அதே அளவில் ஆக்ஸிஜன் குறையும். இந்த 16 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 5 சதவீதம் போய்விடுகிறது. ஹைவேயில் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனபிறகும் 5 டிகிரி அதிகமாகவே இருந்தது. அந்த 5 டிகிரியின் நஷ்டமே ராம் ஏர் லாபத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். பல கார்களில் கம்பெனியே ரேடியேட்டருக்கு மேலே, பானெட் விளிம்புக்குக் கீழே இருந்து வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அந்த மூக்குக் குழாயை வடிவமைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். நான் காசு கொடுத்து அதைக் கழற்றிப் போட்டேன்.

2023 ஜூன், 63,000 கிமீ. திருநகரில் இருக்கும் என் மெக்கானிக் சர்வீஸுக்காக அலுமினியக் குழாயைக் கழற்றினார். குழாய்க்குள், அதாவது ஃபில்டர் தாண்டி என்ஜின் பக்கம், விரலை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். விரல் நுனியில் செம்மண் நிறத்தில் ஒரு பசை. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து மைபோல் அரைபட்டிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தால் நறநறத்தது. "அண்ணே, இது உள்ள போயிட்டுதான் இருந்திருக்கு. ரிங்ஸ் தேஞ்சா அப்புறம் புகைதான்" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. பதினைந்து மாதம் அந்தப் புழுதி பிஸ்டனோடு உரசியிருக்கிறது. ஹைவேயோரச் செம்மண்ணும், மேலூர்ப் பக்கம் போனால் கிரானைட் தூளும் நம் ஊர்க் காற்றில் இருப்பவை. எண்ணெய் வலை ஃபில்டர் காற்றை எளிதாக விடுவது உண்மை, அதற்கு விலையாக நுண்ணிய தூசியையும் பேப்பரைவிட அதிகமாக விட்டுவிடுகிறது. கழுவி எண்ணெய் போடுவதில் கை கொஞ்சம் முன்பின் ஆனால் இன்னும் மோசம். நான் மூன்று தடவை கழுவியிருந்தேன், சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன்.

அன்றே எல்லாவற்றையும் கழற்றிக் கம்பெனி பெட்டியைப் போடச் சொன்னேன். நல்லவேளை, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் அழுத்தம்) பார்த்ததில் நான்கு சிலிண்டரும் சமமாக இருந்தன.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபாக் லேம்ப் ஓட்டை தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இல்லை. ஐப்பசி மழையில் செல்லூர்ப் பக்கமோ ரயில்வே சப்வேயிலோ தண்ணீர் நின்றால் அந்தக் குழாய் நேராக அதைத்தான் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அந்த ஒரு மழைக்காலம் நான் தண்ணீரைக் கண்டாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினேன்.

அப்படியானால் ராம் ஏர் பொய்யா? பொய் இல்லை. லாபம் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 200 கிமீயில் 1.8 சதவீதம், 300 கிமீயில் 4 சதவீதம். 1990ல் வந்த கவாசாகி இசட்இசட்ஆர் 1100தான் ராம் ஏரோடு விற்பனைக்கு வந்த முதல் பைக். 2021 மாடல் நிஞ்சா இசட்எக்ஸ்-10ஆர் பைக்குக் கம்பெனியே 203 பிஎஸ், ராம் ஏரோடு 213 பிஎஸ் என்று இரண்டு எண் கொடுத்தது. மூக்கின் நட்டநடுவில், காற்றழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில் வாய், அங்கிருந்து கசிவே இல்லாமல் மூடிய பெட்டி வரை வழி. அதிவேகத்தில் அந்தப் பத்து பிஎஸ் நிஜம்தான். ரேஸ் டிராக்கில் அது வேண்டும். கப்பலூர் டோல்கேட் தாண்டி நமக்குச் சட்டப்படி 100தான்.

அக்கா மகனிடம் அப்பாச்சி 160 4வி இருக்கிறது. விளம்பரத்தில் வரும் ராம் ஏர் என்ற சொல்லைப் பார்த்துத்தான் அவனுக்கு ஆசையே வந்திருக்கிறது. "மாப்ள, அது என்ஜினைக் குளிர வைக்கிற காத்துடா. குடிக்கிற காத்து வேற" என்று விளக்கினேன். முன்னால் வரும் காற்றை என்ஜின் மேல் திருப்பிச் சூட்டைக் குறைப்பது அது. பழைய ஃபார்ச்சூனர் பானெட் மேல் இருக்கும் வாயும் இந்த வகைதான், டர்போ அமுக்கிய சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குக் காற்று கொடுப்பது. பானெட் மேல் டபுள் டேப் போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் வாய்கள் எதற்கும் உதவாது.

இப்போது வண்டி 98,000 கிமீ. கம்பெனி பெட்டி, பேப்பர் ஃபில்டர், 10,000 கிமீக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், கோடையில் இன்னும் சீக்கிரம். மூடியின் நான்கு கிளிப்பும் இறுக்கமாக இருக்கிறதா, ரப்பர் விளிம்பு மடங்கியிருக்கிறதா என்று நானே பார்க்கிறேன். ஆயில் குறைவது இல்லை, புகை இல்லை.

ஏற்கெனவே கிட் மாட்டியிருப்பவர்கள் கழற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த வாரமே குழாயைக் கழற்றி, ஃபில்டருக்குப் பின்பக்கம் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் அந்த ஃபில்டரை ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம். பம்பருக்குக் கீழே வாய் வைத்திருந்தால் மழைக்கு முன்னால் அதை மூடிவிடுங்கள்.