ஒரு பக்கம் சாயும் பைபர் படகு: என் அனுபவம்

யாழ்ப்பாணம் குருநகரில் பழைய 18 அடி பைபர் படகொன்றை வாங்கிப் பல வருடமாகத் தொழில் செய்கிறேன். 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். ஆழம் குறைந்த எங்கள் பரவைக்கடலுக்கு இது அருமையான படகு. போன மாரிக்குப் பிறகுதான் இடப்பக்கம் சாயத் தொடங்கியது.

எஞ்சின் பாரம் என்றார்கள் துறையில். எஞ்சின் நடுவில்தான் தொங்குகிறது; பின்பக்கத்தை அமிழ்த்துமே தவிர பக்கவாட்டில் சாய்க்காது. ஓடும்போது மட்டும் சாய்ந்தால் எஞ்சின் விசிறியின் சுழற்சியைச் சந்தேகிக்கலாம். இது கட்டிவைத்த இடத்திலேயே சாய்ந்து நின்றது.

“தம்பி, முதல்ல எல்லாத்தையும் இறக்கு, பிறகு கதைப்பம்” என்றார் பக்கத்து வாடி அண்ணை. சரியான பேச்சு. 25 லீற்றர் மண்ணெண்ணெய்க் கான் ஒன்றே சுமார் 20 கிலோ வரும். ஈர வலையும் ஐஸ் பெட்டியும் அதே பக்கம் கிடந்தால் எந்தப் படகும் சாயும். எல்லாவற்றையும் கரையில் போட்டுவிட்டு, காற்று விழுந்த விடியற்காலையில் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம்வரை இரு பக்கமும் அளந்தோம். இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்வு. வலப்பக்கம் அழுத்திவிட்டாலும் திரும்ப இடப்பக்கமே வந்து நின்றது. இதைக் கட்டாயம் பாருங்கள். ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என்று விழுந்தால் பாரம் மேலே கூடியிருக்கும், அல்லது உள்ளே தண்ணீர் உலாவும். எப்போதும் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ பாரம் ஒளிந்திருக்கிறது.

கரையேற்றி, கத்திப்பிடியால் தட்டிக்கொண்டே போனோம். வலப்பக்கம் ‘டக் டக்’ என்றது. இடப்பக்கம், இருக்கைக்குக் கீழே அடைத்துக் கட்டிய அறை வந்ததும் ‘தொம்’ என்று சத்தம் அமுங்கிப் போனது. அந்த அறையின் ஆகத் தாழ்ந்த இடத்தில் சின்னத் துளை போட்டோம். பழுப்புத் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மழைத்தண்ணீர் இல்லை, அடியில் வெடிப்பு இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கல்லில் உரசிய இடத்தில் தலைமுடி அளவு கீறல்.

தண்ணீர் வடிந்தும் பாரம் குறையவில்லை. மிதப்புக்காக உள்ளே அடைத்திருந்த போம் (நுரைப்பஞ்சு) அவ்வளவையும் குடித்து வைத்திருந்தது. உள்தட்டை வெட்டி, ஊறிய போமைக் கிள்ளி எடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பைபர் ஒட்டினோம். ஈரத்தில் ரெசின் பசை பிடிக்காது. அறையை வெறுமையாக விடவும் மனம் வரவில்லை. படகுக்குள் தண்ணீர் நிரம்பினால் மிதக்கவைப்பது அந்தப் போம்தான். அதனால் புதிது அடைத்தோம்.

இப்போது இரு பக்கமும் ஒரே மட்டம். வலை இழுக்கும்போது கால் சறுக்குவதும் நின்றுவிட்டது. பழைய படகு வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் இரு பக்கமும் தட்டிப் பாருங்கள். இடப்பக்க அறைக்குத் திருகு மூடி வைத்துவிட்டேன், இடைக்கிடை திறந்து கைவிட்டுப் பார்க்கலாம். அடுத்தமுறை கரையேற்றும்போது வலப்பக்கத்துக்கும் வைப்பேன். உள்ளே பார்க்க வழியில்லாமல் அடைத்துக் கட்டியதுதான் இந்தப் படகில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம்.