பாஸ்கா திரி: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

தவக்காலம் பாதி கடந்ததும் பங்குக் கோவில்களில் பாஸ்கா திரி, அதாவது உயிர்ப்புப் பெருவிழா இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி, வாங்கும் பேச்சு தொடங்கிவிடும். கடைகளில் மூன்று வகை கிடைக்கிறது. தேன்மெழுகு கலந்தது, முழுக்க பாரஃபினில் வார்த்தது, பிளாஸ்டிக் உறைக்குள் எண்ணெய்க் குப்பி வைத்தது.

கடைசி வகையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பாஸ்கா விழாக்கள் பற்றி 1988இல் வத்திக்கான் வெளியிட்ட சுற்றுமடல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், செயற்கைத் திரி கூடவே கூடாது, ஆண்டுதோறும் புதிது வேண்டும், ஒன்றே ஒன்றுதான் வைக்க வேண்டும், போதிய பருமனும் உயரமும் வேண்டும். எண்ணெய்த் திரி பாஸ்கா காலத்தின் ஐம்பது நாளும் அதே உயரத்தில் நிற்கும். பராமரிப்பு எளிது என்பது உண்மைதான். ஆனால் தன்னையே கையளித்து உயிர்த்தவரைக் காட்ட வந்த திரி, எரிய எரியக் குறைய வேண்டாமா? வந்தவர்கள் கையிலுள்ள திரிகளுக்கெல்லாம் சுடரைக் கொடுத்தும் அதன் ஒளி குறையாது. அதே நேரத்தில் அதன் உடல் கரைந்துகொண்டே இருக்கும். உயிர்ப்பைப் பற்றி நீண்ட மறையுரை சொல்வதை இருட்டுக் கோவிலில் இந்தத் திரி சொல்லிவிடும்.

மெழுகுத் திரி வாங்கும்போது தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 3 அங்குல விட்டமும் 3 அடி உயரமும் உள்ள பாரஃபின் திரி ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோ இருக்கும். தேன்மெழுகு என்றால் 4 கிலோ. இரண்டரை கிலோதான் நிற்கிறது என்றால் உள்ளே குழாயோ வெற்றிடமோ இருக்கிறது. பாதி எரிந்ததும் சுடர் உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். மலிவான பாரஃபின் அதற்கு முன்பே இளகிவிடும். ஏப்ரல் வெயிலில் சக்கரீஸ்து (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை) அலமாரியில் சாய்த்து வைத்த பாரஃபின் திரி பெரிய சனிக்குள் (உயிர்ப்புக்கு முந்தைய நாள்) வளைந்துவிடுவது இதனால்தான். பலகை மேல் படுக்கப்போட்டு, பருத்தித் துணி சுற்றி வையுங்கள். தேன்மெழுகின் மேல் வெண்பொடி படிந்தால் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது அதன் இயல்பு. மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

அலங்காரம்தான் பெரும்பாலான கடைகள் சறுக்கும் இடம். ஆட்டுக்குட்டி, கொடி, ஜிகினா எல்லாம் ஒட்டி, ஆண்டு எண்ணையும் ஸ்டிக்கராகப் பதித்துத் தந்துவிடுகிறார்கள். அருட்பணியாளர் கீறுவதற்கு இடமே இருப்பதில்லை. சடங்கில் அவர் கீறும் சிலுவைக்கு முதலில் நெடுக்குக் கோடு, பிறகு குறுக்குக் கோடு. கிறிஸ்துவே தொடக்கமும் முடிவும் என்று காட்ட, மேலே அகரம், கீழே னகரம். ஆண்டின் முதல் எண் இடப்பக்கம் மேலே, இரண்டாவது வலப்பக்கம் மேலே, மூன்றாவதும் நான்காவதும் அதே வரிசையில் கீழே. இதற்கு ஒரு சாண் நீளமாவது வெற்று மெழுகு வேண்டும். தடித்த எனாமல் பூச்சு உள்ள திரி வேண்டவே வேண்டாம். பூச்சு உதிர்ந்து உருகிய மெழுகில் விழுந்தால் எரியும் நூலை அடைத்துவிடும்.

சிலுவையில் ஆணி வடிவில் பதிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகளுக்குத் துளை போட்டே தருகிறார்களா என்று கேளுங்கள். துளை இல்லாத திரியில் ஆணியை அழுத்தினால் மெழுகு விரியும், சில சமயம் நெடுக வெடிக்கும். வீட்டிலேயே சூடான கம்பியால் ஒரு விரற்கடை ஆழத்துக்குத் துளையிட்டு, ஆணி தளர்வில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மேலே, நடுவே, கீழே, இடம், வலம் என்பதே வரிசை. இவை ஐந்து காயங்கள். உயிர்த்தவர் காயங்களை மறைத்துக்கொண்டு வரவில்லை, சீடர்களிடம் கைகளையும் விலாவையும் காட்டினார் என்கிறது யோவான் 20ஆம் அதிகாரம். ஆணிகளைத் திரியோடு சேர்த்து அச்சில் வார்த்து விற்பவர்களிடம் வாங்கினால், காயங்களைக் கையால் பதிக்கும் அந்த நொடியே இல்லாமல் போகிறது.

நூல் முறுக்கிய பருத்தியாக, நேர் நடுவில் இருக்க வேண்டும். மெலிந்த நூல் உருகிய மெழுகில் மூழ்கி அணையும். தடித்தது கரி கக்கும். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். முதல் முறை எரிவது முக்கியம்: 3 அங்குலத் திரி 3 மணி நேரமாவது எரிந்தால்தான் மெழுகு விளிம்புவரை சீராக இளகும். உயிர்ப்பு இரவின் திருவிழிப்பு வழிபாடு முடிந்த கையோடு அணைக்காதீர்கள். பக்கத்து மின்விசிறியையும் நிறுத்துங்கள். காற்றடிக்கும் பக்கம் மெழுகு வழிந்து ஒரு பக்கச் சுவர் இடிந்துவிடும். பித்தளை வளையம் ஒன்று மேலே போட்டால் இது பெருமளவு கட்டுப்படும்.

திரியை நிறுத்தும் தண்டின் குழியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சந்து இருந்தால் காகிதம் திணிக்காதீர்கள், மெழுகுத் தகடு சுற்றுங்கள். தண்ணீரை ஆசீர்வதிக்கும்போது திரியைக் கழற்றி அமிழ்த்த வேண்டியிருக்கலாம், இறுகிப்போனால் அந்த நேரத்தில் வராது.

எங்கள் தேர்வு தேன்மெழுகு கலந்த, பூச்சில்லாத, துளையிட்ட 3 அங்குலத் திரி. சிறிய கிளைக் கோவிலுக்கு 2 அங்குலம், 2 அடி போதும். தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பின் அது திருமுழுக்குத் தொட்டி அருகே போகும், அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியின் பக்கத்தில் நிற்கும். அடுத்த பாஸ்காவரை எரிய உயரம் மிச்சமிருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள்.