பின்னூட்ட இணைப்புத் தொகுப்பு: விற்பவர் கையில் இல்லாத சரக்கு

தேடுபொறியில் தளத்தை மேலே ஏற்றித் தருவதாகச் சொல்லி, வலைப்பதிவுப் பின்னூட்டங்களில் இடப்படும் இணைப்புகளைத் தொகுப்பாக விற்கும் சேவைகள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கியிருந்த, மரச்சாமான்கள் விற்கும் தளம் நடத்தும் ஒரு வாடிக்கையாளர், அதன் முடிவறிக்கையை எனக்கு அனுப்பி, கொடுத்த காசுக்குத் தேறுமா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். சேவையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இவ்வகைத் தொகுப்பை விற்பவர்கள் ஏறக்குறைய ஒரே முறையில்தான் இயங்குகிறார்கள் என்பதால், கடைப் பெயரைவிடச் சரக்கைப் பற்றிப் பேசுவதே வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

துறை சார்ந்த வலைப்பதிவுகளில், கையால் எழுதப்பட்ட பின்னூட்டங்கள் வழியாக, அதிகார மதிப்பு (ஒரு தளத்தின் செல்வாக்கைக் காட்டுவதாகச் சொல்லப்படும் எண்) மிகுந்த டூஃபாலோ இணைப்புகள், அதாவது தேடுபொறி தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கும் இணைப்புகள், கிடைக்கும் என்பது விளம்பரத்தின் சாரம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேலை குறித்த நாளில் முடிந்திருந்தது. ஒவ்வொரு இணைப்பின் முகவரியும் எக்செல் கோப்பில் ஒளிவுமறைவின்றித் தரப்பட்டிருந்தது. கேள்வி அனுப்பினால் பதில் விரைவாகவும் மரியாதையாகவும் வந்தது. முகவரிகளைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் கணக்கை முடித்துவிடும் சேவைகளோடு ஒப்பிட்டால் இது பாராட்டத்தக்கதே. நான் கீழே எழுதும் அனைத்தும் அந்தக் கோப்பு கையில் இருந்ததால்தான் சாத்தியமாயிற்று.

கோப்பில் ‘டூஃபாலோ’ என்றொரு நெடுவரிசை இருந்தது. அதில் எல்லா வரிகளிலும் ‘ஆம்’ என்று நிரப்பப்பட்டிருந்தது. உண்மையில் இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் ஹெச்டிஎம்எல்லில் அப்படியொரு மதிப்பே கிடையாது. இணைப்புக் குறிச்சொல்லில் உள்ள ரெல் என்னும் பண்புக்கூற்றில் நோஃபாலோ (இந்த இணைப்பைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்வது), ஸ்பான்சர்ட் (விலைக்கு வாங்கியது), யூஜிசி (பயனர் இட்டது) ஆகியவற்றுள் எதுவும் இல்லாவிட்டால், அது தேடுபொறி இயல்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க இணைப்பு, அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு பக்கத்தின் மூலநிரலையும் திறந்து, வாடிக்கையாளரின் முகவரியைத் தேடி, அதைச் சூழ்ந்திருக்கும் குறிச்சொல்லைப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான வழியில்லை. பார்த்தேன். பெரும்பாலான பக்கங்களில் ரெல் பண்புக்கூறு ‘நோஃபாலோ யூஜிசி’ என்றே இருந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வலைப்பதிவுகளை நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருள், 2019 நவம்பரில் வெளியான 5.3 பதிப்பிலிருந்து, பின்னூட்டத்தில் இடப்படும் இணைப்புகளுக்கு இவ்விரண்டையும் தானாகவே சேர்த்துவிடுகிறது; அதற்கு முன்பும் பல ஆண்டுகளாக நோஃபாலோவைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

இதைச் சுட்டிக்காட்டி வாடிக்கையாளர் கேட்டதற்கு, தங்கள் சோதனைக் கருவியில் அந்தப் பக்கங்கள் அனைத்தும் ‘டூஃபாலோ’ என்றே காட்டுவதாகப் பதில் வந்தது. அந்தக் கருவி பார்ப்பது பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள, பக்கம் முழுவதற்கும் தேடுபொறிக்கான அறிவுறுத்தலைத் தரும் ரோபோட்ஸ் மெட்டா குறிச்சொல்லை. அங்கே நோஃபாலோ இருந்தால் அந்தப் பக்கத்தின் எல்லா இணைப்புகளுக்கும் அது பொருந்தும் என்பது சரிதான். ஆனால் அங்கே இல்லாததால் தனித்தனி இணைப்புகளிலும் இல்லை என்று ஆகிவிடாது. இவ்வளவு அடிப்படையான வேறுபாட்டை அறியாதவர்கள் இணைப்புகளை விற்கிறார்களா, அல்லது அறிந்தும் அறியாததுபோல் இருக்கிறார்களா என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறேன்.

இன்னும் சில முகவரிகளின் இறுதியில் ‘அன்அப்ரூவ்ட்’, ‘மாடரேஷன் ஹாஷ்’ என்ற இரண்டு சொற்கள் நீண்ட எழுத்துக் கோவையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மட்டுறுத்தலுக்காக, அதாவது தள உரிமையாளரின் அனுமதிக்காக, காத்திருக்கும் பின்னூட்டத்தை, அதை எழுதியவருக்கு மட்டும் காட்டுவதற்காக வேர்ட்பிரஸ் உருவாக்கும் முகவரி அது. அந்த வாலை வெட்டிவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் பின்னூட்டமும் இல்லை, இணைப்பும் இல்லை. அதாவது, தள உரிமையாளர் ஒருபோதும் அனுமதிக்காத பின்னூட்டங்களும் நிறைவுற்ற பணியாகக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன. இதுபோன்ற சேவையை ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள் மூலநிரலைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முகவரிகளின் வாலை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

இந்தப் பண்புக்கூறு எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் தொகுப்பின் அடிப்படைக் கோளாறு புரிந்துவிடும். பின்னூட்டப் பெட்டிகளில் குவிந்த விளம்பர இணைப்புகளால் வலைப்பதிவர்கள் திணறிக்கொண்டிருந்த காலத்தில், 2005 ஜனவரி 18 அன்று கூகுள் நோஃபாலோவை அறிவித்தது. யாஹூவும் எம்எஸ்என் சர்ச்சும் அதை ஏற்றுக்கொண்டன. பின்னூட்டத்தில் இணைப்பைத் திணிப்பவருக்குத் தரவரிசையில் எந்த ஆதாயமும் கிடைக்காதபடி செய்வதே அதன் முதல் நோக்கம். எனவே, இந்த வணிகத்தை முறிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு கருவியைத் தாண்டி அந்த வணிகத்தையே நடத்துவதாக இச்சேவை வாக்களிக்கிறது. ரெல் பண்புக்கூற்றில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தளத்தின் உரிமையாளரும் அவர் பயன்படுத்தும் மென்பொருளும் தீர்மானிக்கிறார்கள். பின்னூட்டம் எழுதுபவர் குறிச்சொல்லையே தட்டச்சு செய்து அனுப்பினாலும் மென்பொருள் தன் விருப்பப்படி அதை மாற்றி எழுதிவிடும். விற்பவர் கையில் இல்லாத ஒன்றுக்குத்தான் இங்கே விலை வைக்கப்படுகிறது.

சேவையின் விளக்கக் குறிப்பில் இதற்கு ஒரு மறுப்பும் இருந்தது: 2019-க்குப் பிறகு நோஃபாலோ கட்டளை அல்ல, வெறும் குறிப்பே, ஆகவே அந்த இணைப்புகளும் பலன் தரும் என்று. முன்பாதி உண்மை. 2019 செப்டம்பர் 10 அன்று கூகுள், விலைக்கு வாங்கிய இணைப்புகளுக்கு ஸ்பான்சர்ட் என்றும் பயனர்கள் இடும் இணைப்புகளுக்கு யூஜிசி என்றும் இரண்டு புதிய மதிப்புகளை அறிமுகப்படுத்தி, நோஃபாலோ உட்பட மூன்றையும் தரவரிசைக் கணிப்பில் கட்டளையாக அன்றி ஒரு குறிப்பாக மட்டுமே கொள்வதாக அறிவித்தது. தேடுபொறி பக்கங்களைத் தேடிப் படிக்கும் தவழ்தலுக்கும், படித்ததைத் தன் பட்டியலில் சேர்க்கும் அட்டவணைப்படுத்தலுக்கும் அது 2020 மார்ச் 1 முதல் பொருந்தியது. ஆனால் அந்தக் குறிப்பை மதிப்பதா மீறுவதா என்று முடிவு செய்யும் உரிமை தேடுபொறிக்கு மட்டுமே உண்டு. காசு கொடுத்து வாங்கிய பின்னூட்டங்களுக்கு ஆதரவாக அது தன் முடிவை மாற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க எந்த அடிப்படையும் இல்லை. பணம் கொடுத்துப் பெறும் இணைப்பில் ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது இணைப்பு மோசடியாகக் கருதப்படும் என்று கூகுளின் விதிகளே சொல்கின்றன.

சரி, ரெல் பண்புக்கூற்றில் இம்மூன்றில் எதுவும் இல்லாத, சேவை சொன்னபடியே அமைந்த சில இணைப்புகளும் இருந்தன அல்லவா? இருந்தன. அவற்றைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போடுவது பற்றிய ஒரு கட்டுரையின் கீழே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மலிவு விலை மரக்கட்டில்’ என்ற பெயரோடு ஒருவர், “மிகவும் பயனுள்ள தகவல், தொடர்ந்து எழுதுங்கள்” என்று வாழ்த்தியிருந்தார். அவருக்கு மேலே சூதாட்டத் தளம் ஒன்று வாழ்த்தியிருந்தது. கீழே கடன் தரும் நிறுவனம் ஒன்று நன்றி தெரிவித்திருந்தது. பக்கத்தைக் கீழே இழுக்க இழுக்க வாழ்த்துகள் தீரவில்லை. இன்றைய மென்பொருள்களில் நோஃபாலோ தானாகவே சேர்ந்துவிடுவதால், அது இல்லாத பின்னூட்டப் பகுதி பெரும்பாலும் புதுப்பிக்கப்படாமலும் மட்டுறுத்தப்படாமலும் கைவிடப்பட்ட தளமாகவே இருக்கும். பராமரிக்கப்படும் தளத்தில் இணைப்புக்கு நோஃபாலோ. நோஃபாலோ இல்லாத இடத்திலோ தளத்துக்கே மதிப்பில்லை. இத்தகைய இணைப்புகளை அடையாளம் காண 2012 ஏப்ரலில் வந்த பென்குயின் என்ற கூகுள் நிரல், 2016 செப்டம்பரில் மைய நிரலோடு இணைந்தபோது, அவற்றைத் தண்டிப்பதைவிட மதிப்பிழக்கச் செய்வதையே முதன்மையாகக் கொண்டது. 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெய்ன் என்ற கூகுளின் அமைப்பும் இதே பணியில் இறக்கப்பட்டது. ஆகவே தொகுப்பின் இந்தச் சிறு பகுதிக்கும் பலன் பூஜ்யமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அதிகார மதிப்பு என்று கோப்பில் தரப்பட்டிருந்த எண்கள், தனியார் பகுப்பாய்வு நிறுவனங்கள் தாமே கணித்துத் தருபவை. கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு மேல் அந்த நெடுவரிசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தொகுப்போடு இலவசமாக ஒரு தளத் தணிக்கைக் குறிப்பும் வந்திருந்தது. தொடர்புப் பக்கம், தனியுரிமைக் கொள்கை போன்ற உள் இணைப்புகளுக்கு நோஃபாலோ இட்டால் மிச்சமாகும் பேஜ்ரேங்க் (இணைப்புகள் வழியாகப் பக்கங்களுக்குக் கூகுள் தரும் மதிப்பு) பொருட்களின் பக்கங்களுக்குப் போய்ச் சேரும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. இது காலாவதியான யோசனை. 2009-இலேயே, அப்போது கூகுளில் பொறியாளராக இருந்த மேட் கட்ஸ் இதை விளக்கியிருக்கிறார்: ஒரு பக்கத்திடம் பத்துப் புள்ளிகளும் பத்து இணைப்புகளும் இருந்து, ஐந்துக்கு நோஃபாலோ இடப்பட்டால், மீதி ஐந்துக்கும் இரண்டிரண்டு புள்ளிகள் போவதில்லை, ஒவ்வொன்றுதான் போகும், மற்றவை ஆவியாகிவிடும். இந்தப் பரிந்துரையைச் செயல்படுத்த வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன்.

நோஃபாலோ இணைப்பு என்றாலே வீண் என்றும் நான் சொல்ல வரவில்லை. மரத்தின் ரகங்களைப் பற்றிப் பேசும் ஒரு பதிவில், வாசகர் கேட்ட ஐயத்துக்குப் பொருத்தமான விளக்கம் எழுதி, தன் தளத்தில் உள்ள கட்டுரையைச் சுட்டினால், அதைச் சொடுக்கி வரும் ஒருவர் உண்மையான வாங்குநராக இருக்கக்கூடும். ரெல் பண்புக்கூறு மனிதரைத் தடுப்பதில்லை. கோப்பில் அப்படி எழுதப்பட்ட பின்னூட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருந்தன. அவற்றை எழுதியவருக்குத் துறை அறிவு இருக்கிறது. அவரை மட்டும் தனியாக அமர்த்திக்கொள்ள முடியுமானால் நான் பரிந்துரைப்பேன்.

வாங்கிவிட்ட இணைப்புகளை என்ன செய்வது என்பதே வாடிக்கையாளரின் கடைசிக் கேள்வி. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியின் இணைப்பு அறிக்கையில் நோஃபாலோ இணைப்புகளும் கலந்தே காட்டப்படுவதால், அதில் எண்ணிக்கை கூடியதை வைத்து மகிழவோ அஞ்சவோ தேவையில்லை. கூகுள் ஊழியர்கள் நேரடியாக விதிக்கும் கைமுறை நடவடிக்கை எதுவும் வாடிக்கையாளரின் தளத்தின்மீது இல்லை. ஆகவே, குறிப்பிட்ட இணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றேன். அனுமதி பெறாத பின்னூட்டங்களுக்கு ஈடாக வேறு இணைப்புகள் தருவதாகச் சேவை நிறுவனம் முன்வந்திருக்கிறது. வாடிக்கையாளர் அதை மறுத்து, அவற்றுக்கான தொகையைத் திருப்பித் தரும்படியும், ‘மலிவு விலை மரக்கட்டில்’ என்ற பெயரில் இட்ட பின்னூட்டங்களை நீக்கக் கோரித் தள உரிமையாளர்களுக்கு எழுதும்படியும் கேட்டிருக்கிறார்.