விறாந்தைத் தூணில் ஒரு கம்பி: இன்வெர்டட் ரோ நீண்டநாள் அனுபவம்

யாழ்ப்பாணத்தில் கணினி முன்னால் குந்தியிருந்து கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. பின்னேரமானால் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் ஒரு பிடிப்பு. அதற்காகத் தொடங்கியதுதான் இந்த இன்வெர்டட் ரோ. இடுப்பளவு உயரக் கம்பியைப் பிடித்து மல்லாக்கத் தொங்கி, குதிக்கால் தரையில் இருக்க, நெஞ்சைக் கம்பிவரை இழுக்கவேண்டும். பாரத்தில் ஒரு பங்கைக் கால் தாங்குவதால், உயரக் கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கிற புல்-அப் ஒன்றுகூட வராதவரும் செய்யலாம்.

பின்விறாந்தைத் தூண்கள் இரண்டுக்கும் குறுக்கே ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒன்றைப் பூட்டினேன். ஹாட்வெயார் கடையில் ஒரு அங்குலப் பைப் என்று கேளுங்கள். அது உள்விட்டத்தை ஒட்டிய கணக்கு. வெளிவிட்டம் 33 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும், கைக்கு அடக்கம். ஒன்றேகால் அங்குலமென்றால் 42 ஆகிவிடும். முதுகு களைக்க முதல் விரல் களைத்துப்போகும். மாரிகள் சில கண்டும் பைப் நன்றாகவே இருக்கிறது. வெட்டிய முனைகளில்தான் துரு பிடித்தது, பெயின்ற் பூசினேன். தூவானம் அடித்தால் தரை வழுக்கும், குதிக்காலுக்குக் கீழே சாக்கு விரிக்கவேண்டும்.

"என்ன தம்பி, வௌவால் மாதிரித் தொங்குறாய்?" என்று அம்மா இன்னும் கேட்கிறா.

இந்தப் பயிற்சியின் உயிர் தோள்பட்டை எலும்பில் இருக்கிறது. முழங்கையை மடக்க முதல் அவை இரண்டையும் முதுகெலும்புப் பக்கம் ஒடுக்கவேண்டும், பிறகுதான் இழுவை. இறங்கும்போது மெதுவாக விரியவிட வேண்டும். அந்த ஒடுக்கலை விட்டுவிட்டால் வேலையைப் பெரும்பாலும் புயத்துத் தசையே எடுத்துக்கொள்ளும், நடுமுதுகு சும்மா கிடக்கும். இடுப்பு தொய்யக்கூடாது, நாடியைக் கம்பிக்கு எட்டிக் கொடுப்பதும் கள்ள வேலைதான்.

பாரம் கூட்டக் காசு செலவில்லை. முழங்காலை மடக்கினால் இலேசு, நீட்டினால் கடினம், காலை வாங்கில் தூக்கி வைத்தால் அதைவிடக் கடினம். நான் இப்போது வாங்கில்தான். புல்-அப்பும் வந்துவிட்டது, ஆனாலும் இதை விடவில்லை. முதுகுப் பிடிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. இடையில் அலுவலகக் கதிரையையும் உயர்த்தியதால், முழுப் பெருமையையும் கம்பிக்கே கொடுக்க மாட்டேன்.

மேசை விளிம்பைப் பிடித்தும் செய்யலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பிளாஸ்டிக் மேசையென்றால் வேண்டாம். பாரமான மரமேசை என்றாலும், கவிழுமா என்று முதலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துப் பாருங்கள்.